டயர் அழுத்த சென்சார் உள்ள காருக்கு மழைக்காலச் சக்கரம் மாற்றுவது எப்படி: பெங்களூரிலிருந்து ஒரு வழிகாட்டி

பெங்களூரில் இருந்துகொண்டு ஹாசன், குடகுப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்வது என் தொழில். ஜூன் முதல் செப்டம்பர் வரை தோட்டத்துச் செம்மண் பாதைகளில் சாதாரண டயர் வழுக்கும் என்பதால், மழை மாதங்களுக்கென்று, சேற்றுக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற ஆல்-டெரெய்ன் டயர் ஏற்றிய நான்கு தனி ரிம்களை வாங்கி, வீட்டிலேயே கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சக்கரங்களை மாற்றுவது நாற்பது நிமிட வேலைதான். ஆனால் அதன்பின் டாஷ்போர்டில் எரிந்த மஞ்சள் விளக்கை அணைக்க எனக்குப் பதினேழு நாட்களும் நான்கு கடைப் பயணங்களும் தேவைப்பட்டன. டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு, அதாவது எல்லோரும் சொல்லும் டிபிஎம்எஸ், சக்கரத்துக்குள் என்னவாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் செலவு செய்ததுதான் காரணம். இரண்டாவது செட் சக்கரம் வாங்குகிறவர்களுக்கும், பழைய ரிம்மிலேயே புது டயர் ஏற்றுகிறவர்களுக்கும் பயன்படும்படி, செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன். பழைய ரிம்மிலேயே டயர் மாற்றுகிறவர்கள் முதல் படியைப் படித்துவிட்டு நான்காம் படிக்குச் செல்லலாம்.

1. உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று உறுதி செய்யுங்கள்

டிபிஎம்எஸ் இரண்டு வகைப்படும். நேரடி வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு இணைந்த ஒரு சிறிய சென்சார் இருக்கும். அது காற்றழுத்தத்தை அளந்து வானொலி அலையில் காருக்கு அனுப்பும். மறைமுக வகையில் சக்கரத்துக்குள் எதுவும் கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றே சுருங்குவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்புக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக உணரிகள் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்து எச்சரிக்கும்.

கண்டறிவது எளிது. உங்கள் காரின் திரை சக்கரத்துக்குச் சக்கரம் 33, 32 என்று பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவைக் காட்டினால் அது நேரடி வகை. எண் எதுவும் காட்டாமல் விளக்கு மட்டும் எரியும் அமைப்பாக இருந்து, காற்றடித்த பிறகு மெனுவில் ஒரு பொத்தானை அழுத்திப் பதிவு செய்யச் சொன்னால் அது பெரும்பாலும் மறைமுக வகை. டாட்டா கார்கள் சிலவற்றில் ஐடிபிஎம்எஸ் என்று முன்னால் ஓர் 'ஐ' சேர்ந்து வருவது இந்த மறைமுக வகையைத்தான் குறிக்கிறது. ஆனால் விளக்கு மட்டுமே உள்ள நேரடி வகைகளும் உண்டு. ஆகவே கையேட்டைப் புரட்டிப் பார்ப்பதே உறுதியான வழி. வால்வு ரப்பராக இல்லாமல் உலோகமாக இருந்து அடியில் ஒரு நட்டுடன் இருந்தால் உள்ளே சென்சார் இருக்கக்கூடும். ரப்பர் வால்வோடு வரும் சென்சார்களும் இருப்பதால், ரப்பரைப் பார்த்து இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உங்களுடையது மறைமுக வகை என்றால் உங்கள் வேலை இத்துடன் பெரும்பாலும் முடிந்துவிட்டது. நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு, ஒரே மாதிரி டயரை மாட்டி, காற்றைச் சரியாக நிரப்பி, மெனுவில் மறுபதிவு செய்துவிட்டு வழக்கம்போல் ஓட்டினால் போதும். யாராவது உங்களிடம் சென்சார் விற்க முயன்றால் வாங்க வேண்டாம். காற்றை நிரப்பாமல் மறுபதிவை மட்டும் செய்வது இந்த வகையில் பலரும் செய்யும் தவறு. குறைந்த காற்றையே சரியான அளவு என்று கார் கற்றுக்கொள்ளும், அதன்பின் எச்சரிக்கையே வராது.

2. ரிம்மையும் டயரையும் கையேட்டின் அளவுக்குள் தேர்ந்தெடுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் டயர் அளவும் அழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த அளவையே, அல்லது கையேட்டில் மாற்றாகக் கொடுத்திருக்கும் அளவையே வாங்குங்கள். விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளரோடு வாதிடுவதைவிட இது எளிது. ரிம் வாங்கும்போது வால்வுத் துளையை விரலால் தடவிப் பாருங்கள். மலிவான சில ரிம்களில் துளையைச் சுற்றியுள்ள பகுதி சமதளமாக இருக்காது. அங்கே நட்டு வைத்து இறுக்கும் சென்சார் உட்காராது, காற்றுக் கசியும்.

3. சென்சார் வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்

என் பணம் அதிகம் போனது இந்தப் படியில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது அலைவரிசை. இந்தியாவில் விற்கும் கார்களின் சென்சார்கள் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன, ஐரோப்பாவிலும் அதுவே. அமெரிக்காவில் பல கார்கள் 315 மெகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துகின்றன. இது தெரியாமல், அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரவிருந்த என் மைத்துனரிடம் சொல்லி அங்கிருந்து நான்கு சென்சார்களைக் கொண்டுவரச் சொன்னேன். காரின் பெயர் அங்கும் இங்கும் ஒன்றுதான், விலையோ அங்கே குறைவு. அவற்றைப் புது ரிம்களில் மாட்டி, டயர் ஏற்றி, பேலன்ஸ் செய்து (சக்கரத்தின் எடையைச் சமன்படுத்தி), அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் திரையில் எண்களுக்குப் பதில் கோடுகள் மட்டுமே தெரிந்தன. காரின் காதுக்கு எட்டாத அலைவரிசையில் நான்கும் கத்திக்கொண்டிருந்தன. பெங்களூரில் வெளிநாட்டு உறவினர் இல்லாத வீடு குறைவு என்பதால் இந்தப் பொறியில் விழுகிறவர் நான் மட்டுமாக இருக்க முடியாது. சென்சாரின் உடம்பிலேயே அலைவரிசை அச்சிடப்பட்டிருக்கும். 433 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இரண்டாவது, காரின் நிறுவனம் தரும் அசல் சென்சாரா, பல கார்களுக்கும் பொருந்தும் வகையில் நிரல் ஏற்றக்கூடிய பொதுச் சென்சாரா என்பது. அசல் சென்சாரை வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் புதிய அடையாள எண் இருக்கும். அந்த எண்களைக் காரின் கணினிக்குக் கற்பிக்க வேண்டும். பல கார்களின் கணினி ஒரு நேரத்தில் நான்கு எண்களைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். அப்படியானால் ஜூனில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை என்று ஆண்டுக்கு இருமுறை கற்பிக்கும் வேலை வரும். நிரல் ஏற்றக்கூடிய சென்சாரில் இன்னொரு வசதி உண்டு. உங்கள் பழைய சென்சார்களின் எண்களையே அவற்றில் பதிந்துவிடலாம். கடைக்காரர்கள் இதைக் குளோனிங் என்பார்கள். எந்த செட் மாட்டியிருக்கிறது என்று காருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மாட்டிவிட்டு ஓட்டினால் போதும். ஆண்டுதோறும் குளிர்கால டயர் மாற்றும் ஜெர்மனி போன்ற நாடுகளில் இந்தச் சிக்கல் எல்லோருக்கும் வருவதால் அங்கே இது மிகச் சாதாரணமான வேலை. இங்கே கருவி வைத்திருக்கும் கடையைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு செட் வைத்துக்கொள்கிறவர்களுக்கு என் பரிந்துரை குளோனிங்தான்.

மூன்றாவது வால்வின் வகை. நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வு அதிக வேகத்துக்கு உறுதியானது. ரப்பர் வால்வு மலிவானது, ஆனால் டயர் மாற்றும்போதெல்லாம் அந்த ரப்பரையும் புதிதாகப் போட வேண்டும். உலோக வால்வை வாங்கினால், அதற்குரிய நிக்கல் பூசிய வால்வு பின்னையே (வால்வுக்குள் திருகி வைத்துக் காற்றை அடைக்கும் பாகம்) போட வேண்டும். பஞ்சர் கடையில் கிடைக்கும் சாதாரணப் பித்தளைப் பின்னை அலுமினிய வால்வில் திருகினால், ஈரம் பட்டு இரண்டு உலோகங்களும் அரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் கழற்ற முயன்றால் வால்வே முறியும். மூடியும் அப்படித்தான். பளபளக்கும் உலோக மூடிகளை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் மூடியையே போடுங்கள்.

வால்வின் வெளியே மூடிபோல் திருகிக்கொள்ளும் புளூடூத் சென்சார்களைப் பற்றியும் கேட்கிறார்கள். டிபிஎம்எஸ் இல்லாத பழைய காருக்கு அவை நல்ல ஏற்பாடு. ஆனால் காரில் ஏற்கெனவே நேரடி டிபிஎம்எஸ் இருந்தால் அவற்றால் டாஷ்போர்டு விளக்கு அணையாது. அவை தம் தனித் திரையோடு மட்டுமே பேசும். மேலும் அவற்றின் எடையை ரப்பர் வால்வு நீண்ட நாள் தாங்காது. தெருவில் நிறுத்தினால் காலையில் அவை இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

4. கழற்றும் முன் நான்கு சென்சார்களையும் படித்து, எண்களை எழுதி வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்த சென்சார்கள் அலைவரிசை பொருந்தாமல் தோற்ற பிறகு, பழைய சக்கரங்களில் உள்ள அசல் சென்சார்களைக் கழற்றிப் புது ரிம்களுக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு டயர் கடையில் யோசனை சொன்னார்கள். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்க இயந்திரத்தின் தட்டையான அழுத்தியை வைத்தபோது, ஒரு சக்கரத்தில் அது சரியாக வால்வுக்கு நேரே இறங்கிவிட்டது. டயரைக் கழற்றிப் பார்த்தால் சென்சாரின் பிளாஸ்டிக் உடல் பிளந்திருந்தது. "அது ஏற்கெனவே உடைந்திருந்தது சார்" என்றார்கள். முந்தைய நாள் வரை அது வேலை செய்தது எனக்குத் தெரியும். ஆனால் அதை நிறுவ என்னிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. ஊர்க்காரர்களின் கணக்கில் ரசீது எங்கே என்று கேட்டுப் பிழைக்கிற நான், அன்று ரசீது இல்லாமல் நின்றேன்.

சென்சாரைப் படிக்கும் கருவி கையடக்கமானது. அதை வால்வுக்கு அருகே டயரின் பக்கவாட்டில் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், அது 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் சென்சாரை எழுப்பி, அதன் அடையாள எண், தற்போதைய அழுத்தம், வெப்பநிலை, பெரும்பாலான சென்சார்களில் பேட்டரியின் நிலை ஆகியவற்றைத் திரையில் காட்டும். அடையாளம் என்பது எண்ணும் எழுத்தும் கலந்த, வழக்கமாக எட்டு இலக்கக் குறியீடு. நான்கு சக்கரங்களையும் படித்து முடிக்க ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு திரையையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலைச் சீட்டில் 'நான்கு சென்சாரும் இயங்கும் நிலையில் பெறப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் குளோனிங் செய்வதற்கும், அதாவது பழைய எண்களையே புதுச் சென்சாரில் பதிவதற்கும், இதே எண்கள்தான் தேவைப்படும்.

என்னைப் போல் உடைந்த பிறகு விழித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. உடைந்த சென்சாரின் எண் காரின் கணினிக்குள் இன்னும் பதிவாகியிருக்கும். பல கார்களில், காரின் கணினியோடு பேச உதவும் ஓபிடி இணைப்பில் ஸ்கேனரைச் செருகி அதை எடுத்துவிடலாம். எனக்கும் அப்படித்தான் மீட்டார்கள்.

5. கடையைத் தொலைபேசியிலேயே தேர்ந்தெடுங்கள்

நகரின் ஒவ்வொரு முனையிலும் டயர் கடை உண்டு, ஆனால் டிபிஎம்எஸ் கருவி எல்லாக் கடையிலும் இல்லை. ஜே.சி. சாலையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் உதிரிப் பாகக் கடைகள் நெருக்கமாக இருப்பதால் சென்சார் வாங்க அது வசதியான இடம். காரை நிறுத்த இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. ஆகவே பொருளை அங்கே வாங்கி, வேலையைக் காரை உள்ளே விடக்கூடிய கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: உங்களிடம் சென்சாரைப் படிக்கும் கருவி இருக்கிறதா, அதில் என் கார் மாடலும் ஆண்டும் இருக்கின்றனவா, குளோனிங் செய்வீர்களா, ஒரு சக்கரத்துக்கு எவ்வளவு. "எல்லாம் பண்ணலாம், வாங்க சார்" என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கருவியின் பெயரைச் சொல்கிறவரிடம் போங்கள். இந்த ஊரின் டயர் கடைகள் பலவற்றில் தமிழ் பேசுகிறவர் ஒருவராவது இருப்பார் என்பதால் மொழி ஒரு தடையாக இருக்காது.

6. டயர் ஏற்றும்போது அருகில் நில்லுங்கள்

உட்கார்ந்து தேநீர் குடிக்கச் சொல்வார்கள். குடியுங்கள், ஆனால் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி குடியுங்கள். வேலை தொடங்கும் முன், சென்சார் இருக்கிறது என்று வேலை செய்யும் பையனிடமே நேரில் சொல்லுங்கள், முதலாளியிடம் சொன்னது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. வால்வு இருக்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் பெரிய குறி போட்டு, விளிம்பைப் பிரிக்கும் அழுத்தியை அந்தக் குறிக்கு அருகே வராமல் எதிர்ப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். டயரைக் கழற்றும் கம்பியும் வால்வின் பக்கம் நுழையக் கூடாது.

சென்சாரைப் பொருத்தும்போது வால்வு நட்டைக் கைப்பலத்துக்கு முறுக்கக் கூடாது. சென்சாரோடு வரும் தாளில் முறுக்கு அளவு எழுதப்பட்டிருக்கும்; பெரும்பாலும் ஒற்றை இலக்க நியூட்டன்-மீட்டர்தான். சக்கர நட்டுக்கு 100-க்கு மேல் முறுக்கிப் பழகிய கைக்கு இது மிகச் சிறிய அளவு. கூடுதலாக முறுக்கினால் ரப்பர் வளையம் நசுங்கி, இரண்டு மாதம் கழித்து மெல்லக் கசியத் தொடங்கும்.

பழைய சென்சாரை மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தால் ரப்பர் வளையம், நட்டு, வால்வு பின், மூடி ஆகியவை அடங்கிய சிறிய சர்வீஸ் கிட்டைப் போடச் சொல்லுங்கள். புது டயர் ஏற்றிவிட்டுப் பழைய வளையத்தோடு விடுவது வீண் சிக்கனம். சென்சாரின் வயதையும் பாருங்கள். பேட்டரி சென்சாருக்குள்ளேயே வைத்து அடைக்கப்பட்டது. அதைத் தனியாக மாற்ற முடியாது, தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். 5 முதல் 10 ஆண்டுகள்தான் அதன் ஆயுள். ஏழு வயதான சென்சாரின் மேல் ஐந்தாண்டு ஓடப் போகும் டயரை ஏற்றினால், நடுவில் ஒரு நாள் அதற்காகவே டயரைக் கழற்ற வேண்டி வரும்.

பஞ்சரைத் தடுக்கும் திரவம் ஊற்றட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சென்சாரின் அழுத்தம் அறியும் நுண்துளையை அடைத்துவிடக்கூடும். வழியில் அவசரத்துக்கு ஊற்ற நேர்ந்தால், பஞ்சர் ஒட்டும்போது சென்சாரையும் துடைத்துத் தரச் சொல்லுங்கள். நைட்ரஜன் நிரப்புவதால் சென்சாருக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

பேலன்ஸ் செய்வது சென்சார் மாட்டிய பிறகே நடக்க வேண்டும், ஏனெனில் சென்சாருக்கும் எடை உண்டு. சக்கரங்களைக் காரில் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை ஒரு முறை சரிபாருங்கள்.

7. காருக்குக் கற்பியுங்கள்

குளோனிங் செய்தவர்கள் இந்தப் படியின் கடைசியில் உள்ள எச்சரிக்கையை மட்டும் படித்துவிட்டுத் தாண்டலாம். மற்றவர்களுக்கு மூன்று முறைகளில் ஒன்று பொருந்தும்; எது என்பதைக் கையேடு சொல்லும். சில கார்கள் ஓட்ட ஓட்டத் தாமே புதிய எண்களைப் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தொடர்ச்சியாக மிதமான வேகத்தில் பத்து இருபது நிமிடம் ஓட வேண்டும். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு இது நடக்காது. விடியற்காலையில் நைஸ் சாலையிலோ விமான நிலையச் சாலையிலோ ஒரு சுற்றுப் போய் வாருங்கள். வேறு சில கார்களை மெனு வழியாகக் கற்கும் நிலையில் வைத்து, முன் இடது சக்கரத்தில் தொடங்கிக் கையேடு சொல்லும் வரிசையில் ஒவ்வொரு சென்சாரையும் கருவியால் எழுப்ப வேண்டும். மற்றவற்றில் எண்களை ஓபிடி வழியாகவே கணினிக்குள் எழுத வேண்டும்.

இரண்டாவது முறையில் ஒரு பொறி இருக்கிறது. கற்கும் நிலையில் இருக்கும் கார், அருகில் இருந்து வரும் வேறு சென்சாரின் குரலையும் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளக்கூடும். அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் பக்கத்துக் கார்களுக்கு நடுவே இதைச் செய்யாதீர்கள். உங்கள் இன்னொரு செட்டையும் பத்தடி தள்ளி வையுங்கள். குளோன் செய்த செட் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை வேறு வடிவில் பொருந்தும். சுழலாத சக்கரத்தின் சென்சார் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அழுத்தம் திடீரென மாறினால் பல வகைச் சென்சார்கள் விழித்துத் தகவல் அனுப்பும். கார் ஓடத் தயாராக நிற்கும்போது பக்கத்தில் கிடக்கும் செட்டில் காற்றை இறக்கினால், ஓடாத சக்கரத்தின் அழுத்தத்தைக் கார் உங்களுக்குக் காட்டி அச்சுறுத்தும்.

8. அழுத்தத்தைப் பெங்களூர்க் கணக்கில் வையுங்கள்

கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, குளிர்ந்த டயரில்தான் அழுத்தத்தை அளக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ மாறும். டிசம்பர் விடியலில் திரையில் எண்கள் குறைந்து தெரிவதற்கும், பொங்கலுக்கு ஊர்ப்பக்கம் இறங்கி மதியம் கிருஷ்ணகிரி தாண்டும்போது கூடித் தெரிவதற்கும் இதுதான் முதல் காரணம்.

இன்னொரு காரணம் உயரம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயரைச் சென்னைக்கோ மங்களூருக்கோ கொண்டுபோய் அதே வெப்பநிலையில் அளந்தால், அங்கே சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தம் கூடுதல் என்பதால், அளவி ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். காற்று எங்கும் போய்விடவில்லை. கடலோரத்தில் பல நாள் தங்குவதாக இருந்தால் மட்டும் அங்கே ஒரு காலையில் சரிசெய்துகொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் அளவியும் காரின் திரையும் ஓரிரு பிஎஸ்ஐ வேறுபடுவதும் இயல்பே.

விளக்கை மட்டும் நம்பியிருப்பது தவறு. பெரும்பாலான கார்களில், பரிந்துரைத்த அழுத்தத்திலிருந்து 20 முதல் 25 விழுக்காடு குறைந்த பிறகே விளக்கு எரியும். 33 பிஎஸ்ஐ தேவைப்படும் டயர் 25 அல்லது 26-க்கு இறங்கும் வரை அது அமைதியாகவே இருக்கும். ஆல்-டெரெய்ன் டயருக்கு வேறு அழுத்தம் வைக்கச் சிலர் சொல்வார்கள். கதவுத் தூணில் உள்ள அளவிலேயே தொடங்குங்கள். சேற்றுப் பாதைக்காகக் காற்றை இறக்கினால் விளக்கு எரியத்தான் செய்யும், தார்ச்சாலைக்குத் திரும்பியதும் நிரப்பிவிடுங்கள்.

9. விளக்கு சொல்வதைப் பிரித்துப் படியுங்கள்

விளக்கு நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. காரைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், அமைப்பில் கோளாறு: சென்சார் இல்லை, அல்லது அதன் பேட்டரி தீர்ந்துவிட்டது, அல்லது அதன் எண் காருக்குத் தெரியவில்லை. இரண்டாவது நிலையில் காற்றடிப்பதால் பயனில்லை. நான் மூன்று முறை அடித்துப் பார்த்தேன். ஸ்டெப்னியில் பெரும்பாலும் சென்சார் இருக்காது என்பதால், அதை மாட்டி ஓட்டும்போதும் சிறிது நேரத்தில் இந்த விளக்கு வரும். மாட்டிய முதல் சில நிமிடங்கள் திரையில் கோடுகள் தெரிவது கோளாறு அல்ல. சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகே சென்சார் விழிக்கும்.

10. செலவும் தாள்களும்

நான் கொடுத்தவை இவை. உங்கள் காரையும் கடையையும் பொறுத்து மாறும். நிரல் ஏற்றக்கூடிய சென்சார் ஒன்று ரூ. 2,600 வீதம் நான்குக்கு ரூ. 10,400. குளோனிங் சக்கரத்துக்கு ரூ. 250 வீதம் ரூ. 1,000. டயர் ஏற்றிப் பேலன்ஸ் செய்யச் சக்கரத்துக்கு ரூ. 300 வீதம் ரூ. 1,200. இவ்வளவுதான் தேவையான செலவு: ரூ. 12,600. இதற்கு மேல், உடைந்த அசல் சென்சாருக்குப் பதிலாகப் புதியது ஒன்று வாங்கி மாட்டிய வகையில் ரூ. 5,900, தேவையின்றி இருமுறை டயரைக் கழற்றி ஏற்றிய கூலி ரூ. 2,400, எதற்கும் உதவாத அமெரிக்கச் சென்சார்களின் விலை ஆகியவை என் அறியாமைக்கான கட்டணம்.

பில்லில் சென்சாரின் மாடல் எண், அலைவரிசை, எண்ணிக்கை, உத்தரவாதக் காலம் ஆகியவை எழுதப்பட வேண்டும். 'ஆக்சசரீஸ்' என்று ஒற்றை வரியில் எழுதிய பில்லை ஏற்காதீர்கள். புது டயர்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பில்லில் 18-ஆக இருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும்: 2325 என்றால் 2025-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. கூடுதல் ரிம் செட்டைக் காப்பீட்டில் சேர்க்க விரும்பினால் இந்தப் பில்லோடு பாலிசி புதுப்பிக்கும்போதே எழுத்தில் தெரிவியுங்கள். கார் உத்தரவாதத்தில் இருந்தால், வெளிச் சென்சார் மாட்டுவதால் எந்தப் பாகத்தின் உத்தரவாதம் பாதிக்கும் என்று சர்வீஸ் சென்டரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள், வாய்ப்பேச்சு போதாது.

11. எப்போது தொடங்குவது, கழற்றியதை எங்கே வைப்பது

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தில் மலைநாட்டை எட்டிவிடும். ஆகவே சென்சார் தேடலை ஏப்ரல் இறுதியிலேயே தொடங்குங்கள். உங்கள் மாடலுக்கான சென்சார் கையிருப்பில் இல்லாவிட்டால் வரவழைக்க ஒரு வாரம் ஆகலாம். மே மாத நடுவில் ஏற்றி, ஒரு வாரம் நகருக்குள் ஓட்டிக் கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டால், மழையில் தோட்டத்து வழியில் நிற்க வேண்டியிருக்காது.

கழற்றிய சக்கரங்களில் வெயிலும் எண்ணெயும் படாமல், ரிம்மோடு உள்ள டயரைப் படுக்கை வாட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடுக்குமாடியில் காருக்கான இடத்திலேயே வைப்பதாக இருந்தால் சங்கத்தின் அனுமதியை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். எது எந்தச் சக்கரம் என்று உள்பக்கம் எழுதி வையுங்கள். நான் முதல் ஆண்டு மு.இ. (முன் இடது), பி.வ. (பின் வலது) என்று தமிழில் எழுதி வைத்தேன். கடையில் இருந்தவருக்குத் தமிழ் பேசத் தெரிந்தது, படிக்கத் தெரியவில்லை. இப்போது 1, 2, 3, 4 என்று எழுதி, நான்காம் படியில் சொன்ன எண்தாளிலும் அதே வரிசையைப் பின்பற்றுகிறேன். அந்தத் தாளின் ஒரு படி கையுறைப் பெட்டியில் இருக்கட்டும். அக்டோபரில் பழைய செட்டை மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் திரையில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் கோடு தெரிந்தால், எந்தச் சென்சாரை முதலில் சோதிக்க வேண்டும் என்று அதைப் பார்த்தே கடைக்காரரிடம் சொல்லிவிடலாம்.